நாலு வருடப் பட்டத்துக்கு ஏன் ஆறு வருடம்?

மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலைத் தேர்த்திருவிழாக் கூட்டத்தில் ஒரு தாய் என் கையைப் பிடித்து நிறுத்தினார். அவருடைய மகள் நான் படிப்பிக்கும் பீடத்தில் மூன்றாம் வருடம். "மிஸ், இந்தப் புள்ளைட படிப்பு எப்பதான் முடியும்? நாலு வருசம் எண்டுதானே சொன்னவங்க. ஏ.எல். எடுத்து எத்தின வருசமாச்சு?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை. வெள்ளாமைக்காரர் மழை எப்போது வரும் என்று கேட்பதைப் போலத்தான் கேட்டார். "அடுத்த வருசம் முடிஞ்சிடும் அம்மா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

திரும்பி வரும்போது பஸ் மண்முனைப் பாலத்தில் ஏறியது. அப்போதுதான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அடுத்த வருடம் முடியாது. அதற்கு அடுத்த வருடம் முடிந்தாலே பெரிய காரியம். நான் சொன்னது பொய். வேண்டுமென்று சொல்லவில்லை. ஆனால் பதினைந்து வருடமாக இந்த வேலையில் இருக்கும் ஒருத்திக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தாய்க்குச் சொல்லியிருக்க வேண்டிய முழுப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணக்கைப் பரீட்சையிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பிள்ளை எழுதியது 2021ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சை. வழமையாக ஓகஸ்ட்டில் நடப்பது, கொரோனாவால் தள்ளிப் போய் 2022 பெப்ரவரி 7ஆம் திகதி தொடங்கி மார்ச்சில் முடிந்தது. பெறுபேறு அந்த ஓகஸ்ட் கடைசியில் வந்தது. இடையில் நாடு முழுக்க எரிபொருள் வரிசை, ஒரு நாளில் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு. பிள்ளைகள் வளாக வாசலை மிதித்தபோது 2023 ஆகிவிட்டது. ஆனால் அவர்களுடைய பதிவில் இருக்கும் கல்வியாண்டு 2021/2022. வந்து சேர்ந்த முதல் நாளே அடையாள அட்டையில் ஒரு வருடத்துக்கு மேற்பட்ட தாமதத்தை எழுதிக்கொண்டுதான் நுழைகிறார்கள்.

அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் இதே கதைதான். 2022ஆம் ஆண்டுப் பரீட்சை 2023 ஜனவரியில் நடந்தது, பெறுபேறு செப்டெம்பர் 4ஆம் திகதி. 2023ஆம் ஆண்டுப் பரீட்சை 2024 ஜனவரியில். 2024ஆம் ஆண்டுப் பரீட்சையை நவம்பர் 25ஆம் திகதி தொடங்கினார்கள். கிழக்கில் நவம்பர் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்து வெள்ளத்தால் பரீட்சை நின்றது, டிசம்பர் 4ஆம் திகதிதான் மறுபடி தொடங்கியது. காரைதீவு மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் இழுத்துப் போனதும் அந்த நாட்களில்தான். அந்தப் பிள்ளைகளை நினைக்காமல் அந்த வாரத்தைப் பற்றி எழுத எனக்கு முடியவில்லை. 2025 நவம்பரில் டிட்வா புயல் வந்து அதே பரீட்சையை மறுபடியும் பாதியில் நிறுத்தியது.

பெறுபேறு வந்த உடனே வளாகம் திறந்துவிடாது. விடைத்தாள் மீள்பரிசீலனை, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு விண்ணப்பம், வெட்டுப்புள்ளி (ஒரு பட்டநெறிக்குள் நுழையத் தேவையான ஆகக் குறைந்த இசட் புள்ளி), பதிவு, வராதவர்களின் இடத்தை நிரப்புவது என்று ஒன்றன் பின் ஒன்றாக மாதங்கள் போகும். இதில் இசட் புள்ளி என்பதைப் பெற்றோர் பலர் வெறும் மதிப்பெண் என்றே நினைக்கிறார்கள். ஒரு பாடத்தில் பிள்ளை எடுத்த புள்ளி, அந்தப் பாடத்தை எழுதிய எல்லாருடைய சராசரியிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்பதுதான் அது. இலேசான பாடம் எடுத்தவரும் கடினமான பாடம் எடுத்தவரும் ஒரே தராசில் ஏறுவதற்காக 2001ஆம் ஆண்டு அனுமதிகளிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. பெரும்பாலான பட்டநெறிகளுக்கு 40 வீதமான இடம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு அவற்றின் சனத்தொகைப்படி, மீதி 5 வீதம் வசதி குறைந்த மாவட்டங்கள் என்று குறித்த பதினாறுக்கு மேலதிகமாக. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பதினாறில் உண்டு. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் வாகரையிலிருந்தும் திருக்கோவிலிலிருந்தும் மருத்துவ பீடத்துக்கும் பொறியியல் பீடத்துக்கும் போன பிள்ளைகளில் பலர் போயிருக்க மாட்டார்கள். அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் இருபத்தைந்து மாவட்டத்துக்கும் பட்டநெறி பட்டநெறியாக வெட்டுப்புள்ளி கணக்கிட்டு, விட்டுப்போன இடத்தை மறுபடி நிரப்பி முடிக்க நேரம் போகும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தகுதி பெறுகிறவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்குத்தான் இடம். அதனால் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை பரீட்சை எழுதி வருகிறவர்கள் ஏராளம். முதலாம் வருட வகுப்பில் இருபத்துநாலு வயதுப் பிள்ளையைப் பார்ப்பது எனக்குப் புதிதல்ல.

இந்தக் காத்திருப்பில் பிள்ளைகள் சும்மா இருப்பதில்லை. வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைப் பிள்ளைகள் சிறுவர்களுக்கு ரியூஷன் கொடுக்கிறார்கள், பாமசியில் நிற்கிறார்கள், ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் விடிய முதல் ஏறுகிறார்கள். பொடியன்கள் கொழும்புக் கடைகளுக்குப் போகிறார்கள். சிலர் கட்டாருக்கே போய்விடுவார்கள். வெட்டுப்புள்ளி வரும் நாளில் பிள்ளை நாட்டில் இருக்காது. திரும்பி வருவதா, மாதச் சம்பளத்தை விடுவதா என்று குடும்பமே கூடியிருந்து பேசும். வராமல் விட்ட ஒரு மாணவனுடைய பெயர் என் வரவுப் பதிவேட்டில் ஒரு செமஸ்டர் முழுக்க இருந்தது. ஒவ்வொரு வகுப்பிலும் அந்தப் பெயரைக் கூப்பிட்டேன்.

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். இடையில் தடைப்பட்டு நிற்பது கிழக்கின் உயர்கல்விக்குப் பிறவியிலிருந்தே கூட வந்தது. மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1981 ஓகஸ்ட் 1ஆம் திகதி வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளவில், பேராதனைப் பல்கலைக்கழகத்தின் அரவணைப்பில் தொடங்கியது. விஞ்ஞானமும் விவசாயமும்தான் முதலில். 1986 ஒக்டோபர் 1 முதல் அது கிழக்குப் பல்கலைக்கழகம். நாலு வருடம் கூட நிம்மதியாக ஓடவில்லை, 1990இல் மறுபடி யுத்தம் வந்தது. ஊர்களை விட்டு ஓடிவந்த சனம் அந்த வளாகத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்தது. செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து 158 பேரை இராணுவத்தினர் கொண்டுபோனார்கள். அவர்கள் திரும்பவில்லை. இன்றைக்கும் அந்த வாசலால் போகும்போது சில தாய்மார் அந்தப் பக்கம் பார்க்க மாட்டார்கள்.

அதே 1990க்குப் பின் யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ போய்ப் படிக்க முடியாத நிலை முஸ்லிம் மாணவர்களுக்கு ஏற்பட்டது. இன்று ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் பிறந்த காரணம் அது. அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் 1995இல் ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியாக அட்டாளைச்சேனையில் ஆரம்பித்து, 1996 மே மாதம் தென்கிழக்குப் பல்கலைக்கழகமானது. ஆக, வந்தாறுமூலை பட்ட அடியையும் ஒலுவில் தோன்றிய காரணத்தையும் தேடிப் போனால் ஒரே வருடத்தில்தான் போய் நிற்போம். இன்று இரண்டிலும் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் படிக்கிறார்கள். பக்கத்துப் பக்கத்து வாங்கில் இருந்து ஒருவர் குறிப்பை ஒருவர் பார்த்து எழுதுகிறார்கள். பரீட்சைக்கு முதல் நாள் இரவு சீனியர் ஒருவர் பலகையில் எழுதி விளங்கப்படுத்தும் 'குப்பி' வகுப்பில் யாரும் யாரையும் பிரித்துப் பார்ப்பதில்லை. இதைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

பிறகு 2004 டிசம்பர் 26, சுனாமி. கல்லடி முதல் பொத்துவில் வரை கரையோரம் இருந்த ஒவ்வொரு வகுப்பிலும் வெற்றிடம். 2006 டிசம்பர் 15ஆம் திகதி கிழக்குப் பல்கலைக்கழக உபவேந்தர் பேராசிரியர் எஸ். ரவீந்திரநாத் கொழும்பில் வைத்துக் காணாமல் போனார். 2019 ஏப்ரல் 21ஆம் திகதி சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த பிறகு வாரக்கணக்கில் வகுப்பில்லை. திறந்தபோது பையைச் சோதிக்காமல் எந்தப் பிள்ளையும் உள்ளே வர முடியவில்லை. அபாயா போட்ட என் மாணவிகள் வாசலில் தலை குனிந்து நின்ற அந்த வாரம் எனக்கு மறக்காது.

இவ்வளவையும் தாண்டி வந்த சனத்துக்குத் தாமதம் என்பது ஒரு முறைப்பாடாகவே தெரிவதில்லை. அது என்னை வருத்துகிறது. "வளாகம் என்டா அப்படித்தான்" என்று சொல்லப் பழகிவிட்டோம். யுத்தமும் கடலும் தந்த தாமதம் வேறு, நாங்களே உண்டாக்கும் தாமதம் வேறு. இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டால் இரண்டாவதை ஒருபோதும் திருத்த முடியாது.

சரி, இப்போது வளாகத்துக்குள் வருவோம். ஒரு செமஸ்டருக்குப் பதினைந்து வாரம் படிப்பு. பிறகு படிப்பு விடுமுறை, பரீட்சை. வருடத்துக்கு இரண்டு செமஸ்டர். கடதாசியில் இது அழகாக ஐம்பத்திரண்டு வாரத்துக்குள் அடங்கும். நடைமுறையில் அடங்காததற்கு முதல் காரணம் இடம்.

பரீட்சைத் திகதிகள் குழம்பியபோது பெட்ச்களுக்கு (ஒரே வருடத்தில் சேரும் மாணவர் அணிகளுக்கு) இடையில் இருந்த இடைவெளியும் குழம்பியது. ஒரு பெட்ச் வெளியே போகாமல் அடுத்தது வந்து நிற்கிறது. நாலு பெட்சுக்குக் கட்டிய விடுதியில் ஐந்து பெட்ச். பொதுவாக முதலாம் வருடத்துக்கும் இறுதி வருடத்துக்கும் விடுதி கொடுத்து, நடுவில் இருப்பவர்களை வெளியே அறை பார்க்கச் சொல்வார்கள். வளாகத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் வீட்டின் பின்பக்கத்தில் ஒரு அறையை இறக்கி நாலு கட்டில் போட்டுக் கொடுக்கும் குடும்பங்கள் நிறைய. அவர்கள் இந்தப் பிள்ளைகளைச் சொந்தப் பிள்ளைபோலப் பார்த்துக்கொள்வதை நான் கண்டிருக்கிறேன். காய்ச்சல் வந்தால் மல்லிக் குடிநீர், வெள்ளிக்கிழமை புட்டும் சொதியும். ஆனால் அந்த அறைகளுக்கும் எல்லை உண்டு. அறை இல்லையென்றால் ஒரு பெட்சை வீட்டுக்கு அனுப்பி, மற்றதைக் கூப்பிட வேண்டும். வீட்டுக்குப் போன பெட்சுக்கு இணையவழி வகுப்பு. 2020இல் பூட்டிக் கிடந்தபோது பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாக சூம் வகுப்புகளுக்கு டேட்டா செலவில்லாமல் செய்து கொடுத்தது பெரிய உதவி. அது இல்லாவிட்டால் அந்த வருடங்கள் முழுதாகவே போயிருக்கும். ஆனால் வெல்லாவெளிப் பக்கம் சிக்னலுக்காக வயல் வரம்பில் குடை பிடித்து உட்கார்ந்திருந்த பிள்ளைக்கு அந்த வகுப்பு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்று நானறிவேன். பரீட்சைத் தாளில் தெரிந்தது.

மாரியும் ஒரு காரணம். நவம்பர், டிசம்பரில் ஒரு வாரமாவது பாதை மூடும். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்கு ஆற்றைக் கடத்தும், 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவை, காற்றடித்தால் ஓடாது. 80 வீத வரவு இல்லாவிட்டால் பரீட்சைக்கு இருக்க முடியாது என்பது விதி. அந்த விதியை வைத்துக்கொண்டு மண்டூர்ப் பிள்ளையிடம் ஏன் வரவில்லை என்று கேட்க எனக்கு வாய் வராது. அந்த வாரத்தைப் பிற்பாடு ஈடு செய்கிறோம். ஈடு செய்யும் வாரம் அடுத்த செமஸ்டரைத் தள்ளுகிறது.

இதெல்லாம் வெளியே இருந்து வருவது. இனி நான் சொல்லப்போவது எங்கள் மேசையில் நடப்பது.

ஒரு பாடத்துக்கு 140 விடைத்தாள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை நியாயமாகத் திருத்த இருபது நிமிடம் வேண்டும். அதாவது ஏறக்குறைய நாற்பத்தேழு மணிநேரம். வகுப்பு, கூட்டம், தர மதிப்பீட்டுக் கோப்புகள், இறுதி வருட ஆய்வு மாணவர்கள் எல்லாம் போக ஒரு நாளைக்கு மூன்று மணிநேரம் கிடைத்தால் பதினாறு நாள். எனக்கு ஒரு செமஸ்டரில் மூன்று பாடம். பிள்ளைகள் நித்திரையான பிறகு சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவேன். பன்னிரண்டு மணிக்கு மேல் திருத்திய தாளை அடுத்த நாள் காலையில் ஒருமுறை பார்ப்பேன். களைப்பில் இருக்கும்போது கை இறுகுகிறது, இரண்டு புள்ளி குறைத்துப் போடுகிறது. அந்த இரண்டு புள்ளியில் ஒரு பிள்ளையின் வகுப்புத் தரம் தொங்கும்.

நான் திருத்தி முடித்தால் வேலை முடியாது. இரண்டாவது ஒருவர் அதே தாள்களைத் திருத்த வேண்டும். இரண்டு புள்ளிக்கும் வித்தியாசம் கூடினால் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும். பிறகு துறை, பிறகு பரீட்சைச் சபை, பிறகு மூதவை (செனட்). இந்த முறை நல்லது, ஒரு ஆளின் விருப்பு வெறுப்பிலிருந்து மாணவரைக் காப்பது. ஆனால் இரண்டாவது ஆள் எங்கே? 2022க்குப் பிறகு வெளிநாட்டுக்குப் போனவர்களும், கலாநிதிப் படிப்புக்குப் போய்த் திரும்பாதவர்களும் எத்தனை பேர். செலவைக் குறைக்க வேண்டும் என்று புதிய நியமனங்களும் இறுக்கப்பட்டன. வெற்றிடத்துக்கு விளம்பரம் போட்டாலும், கொழும்பிலிருந்து ஒரு இரவுப் பயணத் தூரத்தில் இருக்கும் வளாகத்துக்கு வரத் தயாராக இருப்பவர்கள் குறைவு. தற்காலிக உதவி விரிவுரையாளர்கள்தான் தாங்கிப் பிடிக்கிறார்கள். நேற்று எங்களிடம் படித்து முதல் வகுப்பில் சித்தியடைந்த பிள்ளைகள். அடுத்த வருடம் ஒப்பந்தம் புதுப்பிப்பார்களா என்று தெரியாமல் இன்று பாடம் நடத்துகிறார்கள்.

ஒருமுறை என் பாடத்துக்கு இரண்டாம் திருத்துநர் இங்கே கிடைக்காமல் வேறு மாகாணத்துக்குப் பொதி கட்டி அனுப்பினோம். ஐந்து வாரம் கழித்து வந்தது. அந்த ஒரு பாடத்துக்காக முழு பெட்சின் பெறுபேறும் நின்றது. பெறுபேறு தெரியாமல் பிள்ளைகள் அடுத்த செமஸ்டரைத் தொடங்கினார்கள். ஒரு பாடத்தில் தவறிய பிள்ளை, தவறியது தெரிவதற்கு முன்பே மறுபரீட்சைக்கு விண்ணப்பிக்கும் நாள் முடிந்துவிட்டது. அந்தப் பாடத்தை அடுத்த பெட்சோடுதான் எழுதலாம். ஐந்து வாரம் ஒரு பிள்ளைக்கு ஒரு வருடம் ஆனது. அந்தப் பொதியைத் தொலைபேசியில் விடாமல் கேட்டிருக்க வேண்டியவள் நான். இரண்டு தரம் கேட்டுவிட்டு, மூன்றாம் தரம் கேட்கக் கூச்சப்பட்டேன்.

வேலைநிறுத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கங்களின் சம்மேளனம் ஜூலையிலிருந்து ஒக்டோபர் வரை நடத்திய போராட்டத்தில் நானும் நின்றேன். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்குக் கொடு என்பது கோரிக்கை. இன்றைக்கும் அது சரி என்றே சொல்வேன். 2023 ஜனவரியில் வருமான வரி 36 வீதம் வரை ஏறியபோது உயர்தர விடைத்தாள் திருத்துவதிலிருந்து விரிவுரையாளர்கள் விலகி நின்றார்கள். பெறுபேறு செப்டெம்பருக்குப் போனதற்கு அதுவும் ஒரு காரணம். 2024 மே மாதம் தொடங்கி இரண்டு மாதத்துக்கு மேல் கல்விசாரா ஊழியர்கள் வேலைக்கு வரவில்லை. நூலகம் பூட்டு, ஆய்வுகூடம் பூட்டு, விடுதி பூட்டு. கோரிக்கைகள் நியாயமானவை. போராட எங்களுக்கு வேறு வழி தரப்படவும் இல்லை. ஆனாலும் வரிக்கு எதிராக நாங்கள் பிடித்து வைத்த மாதங்கள் எங்களுடைய மாதங்கள் அல்ல, ஏறாவூரிலும் சம்மாந்துறையிலும் பெறுபேற்றுக்குக் காத்திருந்த பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகளின் மாதங்கள். இந்த இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்திருப்பது கடினமாக இருக்கிறது. சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது சிலர் முகத்தைத் திருப்பினார்கள். சொல்வதை நிறுத்தமாட்டேன்.

இனி, இந்த மாதங்களை யார் தாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும். மகாபொல புலமைப்பரிசில் 1981இல் தொடங்கியது. மாதம் 5,000 ரூபாவாகப் பல வருடம் நின்று, 2025 வரவுசெலவுத் திட்டத்தில் 7,500 ஆனது. ஒரு நாளைக்கு ஒரு சோத்துப் பார்சலும் பஸ் காசும் போனால் மாதம் முடியும் முன் காசு முடிந்துவிடும். அந்தக் காசும் பட்டநெறிக்கு உரிய தவணைக் கணக்குக்குத்தான். படிப்பு இழுபட்டால் இழுபட்ட மாதங்கள் வீட்டின் தலையில். வீடு என்றால் இங்கே பெரும்பாலும் தாய். நுண்கடன் எடுத்தவர், சீட்டுப் போட்டவர், குவைத்துக்குப் போய் வந்தவர்.

எங்கள் பகுதியில் வீடு மகளுக்குத்தான் போகும். மகளுக்குக் கலியாணம் பேசும்போது வீடு கட்டி முடிந்திருக்க வேண்டும். இருபத்தாறு வயதில் பட்டம் முடியும் மகளுக்கும், இருபத்துநாலில் முடியும் மகளுக்கும் அந்த வீட்டுக் கணக்கு வேறு வேறு. என் வகுப்புகளில் பெண் பிள்ளைகள்தான் கூட. மூன்றாம் வருடத்தில் கலியாணமாகி, இறுதி வருடத்தில் கைக்குழந்தையோடு ஆய்வறிக்கை கொண்டுவந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். அவர்களில் ஒருத்தி குழந்தையை என் அறையில் ஓடியோவிடம் விட்டுவிட்டுப் போய் வாய்மொழிப் பரீட்சை செய்தாள். ஓடியோ என்று நாங்கள் கூப்பிடுவது எங்கள் அலுவலக உதவியாளரை, அவ்வளவு பேசுவார். குழந்தை அழவே இல்லை. அந்தப் பிள்ளை இரண்டாம் வகுப்பு மேற்பிரிவில் சித்தி. ஆனால் இடையில் விட்டுவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். படிப்பு நாலு வருடத்தில் முடிந்திருந்தால் அவர்களில் பாதிப்பேர் பட்டத்தோடுதான் போயிருப்பார்கள் என்று நான் நம்புகிறேன்.

முடித்த பிறகும் வரிசை உண்டு. 2017இல் மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். மாலையில் அந்தப் பக்கம் போனால் என்னிடம் படித்த முகங்கள் இருக்கும், "மிஸ்" என்று எழும்பி நிற்பார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாது. அரச நியமனங்களுக்குப் பெரும்பாலும் வயதெல்லை உண்டு. அதனால் வளாகத்தில் தொலைத்த ஒவ்வொரு வருடமும் அந்த எல்லையிலிருந்து கழிகிறது. 2020இல் அரசாங்கம் பட்டதாரிகளை மாதம் 20,000 ரூபாவுக்குப் பயிலுனர்களாக எடுத்தபோது, ஒரு பெறுபேற்றுப் பத்திரம் கையில் வராததால் உள்ளே போக முடியாமல் நின்றவர்கள் பற்றி அந்த மாதங்களில் அடிக்கடி கேள்விப்பட்டேன்.

தாமதத்தில் எங்களால் குறைக்கக்கூடிய பகுதி எவ்வளவு? என் கணக்கில் ஒரு பட்டத்துக்கு ஆறேழு மாதமாவது. விடைத்தாள் திருத்துவதைப் பரீட்சை அட்டவணை போடும்போதே அட்டவணைப்படுத்தலாம். யார் இரண்டாம் திருத்துநர் என்பது பரீட்சைக்கு முன்பே தெரிந்திருக்கலாம். ஒரு பாடம் பிந்தினால் மற்றப் பாடங்களின் பெறுபேற்றை நிறுத்தாமல் விடலாம். நவம்பர் கடைசி இரண்டு வாரத்தில் பரீட்சை வைக்காமல் விடலாம், அந்த இரண்டு வாரமும் வெள்ளத்துக்கு என்று ஒதுக்கிவிட்டே வருடத்தைத் திட்டமிடலாம். எங்கள் துறையில் முதல் இரண்டையும் போன வருடம் தொடங்கினோம். மூன்று மாதம் பிடித்த வேலை ஏழு வாரத்தில் முடிந்தது. அதற்குப் பணம் வேண்டியிருக்கவில்லை. சுவரில் ஒட்டிய ஒரு கடதாசியும், அதில் ஒவ்வொருவர் பெயருக்கு நேரே ஒரு திகதியும்தான். பெயர் சுவரில் இருந்தால் மூன்றாம் தரம் கேட்கக் கூச்சம் வராது.

போன மாதம் அந்தத் தாயைத் தேடிப் போனேன். படுவான்கரையில், முற்றத்தில் நெல் காயப் போட்டிருந்தார். மகள் வகுப்பில் இருந்தாள். பிளாஸ்டிக் கதிரை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி வைக்கப் போனவரை நிறுத்தி, "நான் அண்டைக்குச் சொன்னது பிழை அம்மா" என்று சொன்னேன். கொப்பித்தாள் ஒன்றில் எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் வருட இரண்டாம் செமஸ்டர் பரீட்சை, இறுதி வருடம் தொடங்கும் மாதம், ஆய்வறிக்கை, கடைசிப் பரீட்சை, பெறுபேறு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வெள்ளமோ வேறேதுமோ வந்தால் எவ்வளவு தள்ளும் என்பதையும் எழுதினேன். அவர் கண்ணைச் சுருக்கி ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"அப்ப வாற வெள்ளாமை வெட்டுக்குப் பிறகா மிஸ்?"

"இல்ல அம்மா. அதுக்கும் அடுத்த வெட்டுக்குப் பிறகு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். காகத்தை விரட்டினார். பிறகு தாளை நாலாக மடித்து, "அப்ப பதினெட்டு மாசச் சீட்டில சேரோணும். நான் பத்து மாசத்துக்கல்லோ பேசி வச்சிருக்கன்" என்று சொல்லிவிட்டு, சீட்டுப் பிடிக்கும் அக்காவுக்கு அப்போதே போன் எடுத்தார்.